பட்டன் பலகையில் ஒரு பள்ளம்

எனக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, "அழகா இல்லாட்டிக்கூடப் பரவால்ல" என்று யாராவது சொன்னால் கெட்ட கோபம் வரும். நான் ஸ்டிக்கர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். ஒரகடம் ரோட்டில் இருக்கிற எங்கள் யூனிட்டில்தான் பைக் டேங்க்கில் ஒட்டுகிற கோடும் இறக்கையும் நெருப்பும் அச்சாகி, வெட்டுப்பட்டு, அட்டைப்பெட்டியில் ஏறிப் போகின்றன. ஒரு பைக் என்னைத் தாண்டிப் போனால் ஓட்டுகிறவர் முகத்தைப் பார்க்க மாட்டேன், டேங்க்கைத்தான் பார்ப்பேன். ஸ்டிக்கர் ஓரம் தூக்கியிருந்தால் அன்று முழுக்க மனசு ஆறாது.

அப்படிப்பட்டவள் வீட்டிலேயே ஒரு மொட்டைப் பலகை கிடந்தது. படப்பையில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டின் ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், என் கணவரின் கேம் பெட்டி. பிளைவுட்டில் அடித்த பெட்டி, அதற்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர், மேலே ஒரு பழைய மானிட்டர். முன்பக்கம் சாய்வாக ஒரு பலகை. அதில் இரண்டு பேருக்கு இரண்டு ஜாய்ஸ்டிக், ஆளுக்கு ஒரு வரிசை பட்டன். ஜாய்ஸ்டிக்கும் பட்டனும் சென்னை ரிச்சி தெருவில் வாங்கியது. மற்றதெல்லாம் அவரும் அவருடைய நண்பரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அறுத்து, துளை போட்டு, ஒயர் இழுத்துச் செய்தது. இருவரும் ஒரே பிளான்ட்டில் மெயின்டெனன்ஸ் ஆட்கள். நண்பர் திருநெல்வேலிப் பக்கம், எங்களுக்கு மூத்தவர். நான் அண்ணன் என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார்.

பெட்டியில் அவர்கள் ஆடியது, திரையில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று அடித்துக்கொள்ளும் ஆட்டம். என் கணவர் ஆடுவதைப் பார்க்க வேண்டும். கண் திரையில் இருக்கும், வாய் என்னிடம் குழம்புக்கு உப்புப் போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும், கை மட்டும் தன்பாட்டுக்குப் பட்டனில் ஓடும். ஒருமுறைகூட விரல் தவறி நான் பார்த்ததில்லை. அந்தக் கைகள் மேல் எனக்குக் கொள்ளை ஆசை.

பிறகு ஒரு நாள், மனை பிரித்துக் கல் நட்டுப்போட்டிருந்த காலியிடத்தில் கிரிக்கெட் ஆடப் போனவரின் இடது கண்ணில் பந்து பட்டுவிட்டது. சென்னை ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தோம். கடைசியில், அந்தக் கண்ணில் வெளிச்சமும் நிழலும் தெரியும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு கண் போனால் பாதிதான் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. எல்லாம் தெரிகிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் தெரிவதில்லை. இரண்டு கண்ணும் சேர்ந்துதான் அந்தக் கணக்கைப் போடுமாம். பூட்டின் வாயைச் சாவி தேடியது. படி இறங்கும்போது கால் காற்றில் நின்று யோசித்தது. பிளான்ட்டில் அவரை மெஷின் பக்கம் விடாமல் ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். போகிற இடமெல்லாம் யாராவது ஒருவர் அவருடைய முழங்கையைப் பிடித்தார்கள். எல்லாரும் நல்லவர்கள், அதுதான் அவரைக் கொன்றது.

கேம் பெட்டியில் அதற்குப் பிறகு ஒரே ஒருமுறைதான் உட்கார்ந்தார். அண்ணன் எதிர் ஆள். என் கணவர் திரையை விட்டுவிட்டுப் பலகையையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பலகையும் வெளுத்த மரநிறம், பட்டனும் கிட்டத்தட்ட அதே நிறம். விரல் பட்டனுக்கு முன்னாலேயே இறங்கியது, இல்லை தாண்டிப் போய் விழுந்தது. முதல் ஆட்டம் தோற்றார். இரண்டாவது ஆட்டத்தில் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டது மாதிரி ஆடி, அடி வாங்கித் தோற்றுக் கொடுத்தார்.

என் கணவருக்கு அது தெரிந்துவிட்டது. சுவிட்சை அணைத்தார். மறுநாள் பார்த்தால் பெட்டியின் மேல் துவைத்த துணியை மடித்து அடுக்கியிருந்தார். அதோடு சரி, அப்புறம் அந்தப் பெட்டி துணி வைக்கிற மேஜையாகிவிட்டது.

ஆயுத பூஜை நெருங்கியபோது அண்ணன் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். அவர்கள் பிளான்ட்டில் பூஜை என்றால் குடும்பத்தோடு போகலாம், வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் கேட் எல்லாருக்கும் திறக்கும். ஒவ்வொரு செக்‌ஷனும் தன் இடத்தை அலங்கரித்து ஏதாவது வேடிக்கை காட்டும்.

"இந்தத் தடவ நம்ம செக்‌ஷன்ல கேம் பெட்டிய வைப்போம்னு பயலுக எல்லாம் சொல்லுதானுவ. என்னல சொல்லுத?" என்றார் அண்ணன்.

"எடுத்துக்கினு போண்ணா. நான் வரல."

"பூஜைக்கேவா வரல?"

"எனுக்கு அங்க இன்னா வேல? ஸ்டோர்ஸ்ல கதவாண்ட ஒரு பொட்டு வெப்பானுங்க, அவ்ளோதான்."

நான் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தேன். "இந்த மொட்டப் பலகையவா பிளான்ட்டு முழுக்கப் பாக்கறதுக்குத் தூக்கிக்கினு போறீங்க?" என்று கேட்டேன். அப்போதுதான் என் கணவர் அந்த வார்த்தையைச் சொன்னார், அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று.

அவ்வளவுதான், எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "நான் பண்ணித் தர்ற பேனலப் பாக்கறதுக்குப் பிள்ளைப்பாக்கத்துல இருந்து பென்னலூர் வரைக்கும் ஜனம் வரும். நீங்க வூட்லயே குந்திக்கினு இருங்க" என்றேன். உண்மையில் எனக்கு வேண்டியது ஜனம் இல்லை, அவர் ஒருவர்தான். பலகையை அவர் கண்ணை இழுக்கிற மாதிரி செய்துவிட்டால் தானாக வந்து உட்காருவார் என்று எனக்கு ஒரு நப்பாசை.

கண்ணை ஏமாற்றுகிற படம்தான் போட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஒரு மாலில் தரையில் தண்ணீர் தேங்கினது மாதிரி ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சுற்றிப் போனவள். வெறும் தரைதான் அது. தொழில்காரியான என்னையே ஏமாற்றிய அந்த ஸ்டிக்கர் அன்றிலிருந்து என் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

முதலில் செய்தது, தானாகச் சுற்றுகிற வட்டங்கள். கறுப்பு, நீலம், வெள்ளை, மஞ்சள் என்று துண்டு துண்டாக, இந்த வரிசை மாறாமல் வளைத்து வளைத்து அடுக்கினால் படம் அசைகிற மாதிரி தெரியும். சாப்பாட்டு நேரத்தில் எங்கள் சூப்பர்வைசரிடம் கேட்டு, வேஸ்ட் ரோலில் அச்சடித்து, வீட்டுக்குக் கொண்டுவந்து ஒட்டினேன். பார்க்கப் பார்க்க எனக்கே கை கால் நிற்கவில்லை. அடுப்பில் சாதம் குழைந்தது தெரியாமல் ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். போகும்போதும் சுற்றுகிறது, வரும்போதும் சுற்றுகிறது!

சோதித்துப் பார்க்க அண்ணனைக் கூப்பிட்டேன். உட்கார்ந்தார், ஆடினார், பாதியிலேயே எழுந்து பால்கனிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, வயித்தப் பெரட்டுது."

பிறகுதான் புரிந்தது. அந்த வட்டங்களை நேராக உற்றுப் பார்த்தால் சும்மா இருக்கும். பார்வையின் ஓரத்தில்தான் அதற்கு உயிர் வரும். ஆடுகிறவருக்குக் கண் திரையில், பலகை எப்போதும் ஓரத்தில். கீழே ஏதோ ஊர்ந்துகொண்டே இருந்தால் யாருக்குத்தான் வாந்தி வராது? ஹேர் டிரையரால் சூடு காட்டி மொத்தத்தையும் உரித்தேன். அண்ணனுக்கு இஞ்சி டீ போட்டுக் கொடுத்தேன்.

அடுத்தது கொஞ்சம் சாதுவான படம். சில பட்டன்களைச் சுற்றிப் பெரிய வட்டங்கள், சிலவற்றைச் சுற்றிப் பொடி வட்டங்கள். பொடி வட்டத்துக்கு நடுவில் இருக்கிற பட்டன் பெருத்துத் தெரியும், பெரிய வட்டத்துக்கு நடுவில் இருக்கிறது சிறுத்துத் தெரியும். எல்லாம் ஒரே அளவு என்று சொன்னால் அண்ணன் ஒப்புக்கொள்ளவே இல்லை. "ரெண்டு சைசுல வாங்கி மாட்டிருக்கான், எனக்குத் தெரியாதா?" என்று பையிலிருந்து வெர்னியரை எடுத்து அளந்தார். ஒரே அளவு. வெர்னியரைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது. ஆனால் என் கணவர் சமையலறைப் பக்கமே நின்று தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். இந்தப் பக்கம் திரும்பவில்லை. அவர் திரும்பாத படம் எனக்கு எதற்கு? அதையும் உரித்தேன்.

மூன்றாவதாகத்தான் பள்ளம்.

பலகையின் நடுவே ஒரு சதுரக் கிணறு இறங்க வேண்டும். சுவரெல்லாம் கட்டம் கட்டமாகக் கல், கீழே போகப் போக இருட்டு. அடியிலிருந்து தூண்கள் எழும்பி வர வேண்டும், ஒவ்வொரு தூணின் தலையும் ஒரு பட்டன். ஜாய்ஸ்டிக்குக்கு மட்டும் தடித்த தூண். என் கணவர் உட்கார்ந்து ஆடும்போது அவர் முகம் எங்கே இருக்குமோ அங்கிருந்து பார்த்தால்தான் கோடுகள் சேரும்படி, எல்லாவற்றையும் இழுத்துக் கோணலாக வரைய வேண்டும். இந்தத் தடவை அவருக்குக் காட்டுவதில்லை என்று பந்தயம் கட்டியது மாதிரி இருந்தேன். வேலை முடிந்ததும் போர்வையைப் போட்டு மூடிவிடுவேன். "பாக்காதீங்க" என்பேன். "யாரு பாக்கறாங்க?" என்பார்.

இங்கே எங்கள் யூனிட்டின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். எந்தச் சாம்பிள் அச்சாகி வந்தாலும் அதை நாங்கள் கண்ணால் பார்த்து முடிவு செய்வதில்லை. போனில் ஒரு போட்டோ எடு, குரூப்பில் போடு, ஆர்டர் கொடுத்தவர் பக்கத்திலிருந்து கட்டைவிரல் படம் வந்தால் ஓகே, ரோல் ஓடும். போட்டோவில் நன்றாக இருந்தால் நல்ல சாம்பிள், போட்டோவில் மங்கினால் மட்டமான சாம்பிள். இப்படியே பழகி, புடவைக் கடையில்கூடப் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு அதன் போட்டோவைப் பார்த்து நிறம் சொல்லுகிற ஆளாகிவிட்டேன் நான்.

பள்ளத்தையும் அப்படித்தான் வரைந்தேன். காகிதத்தில் அச்சடித்துப் பலகையில் டேப் போட்டு ஒட்டுவேன். ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து, போனை மூக்குக்கு முன்னால் பிடித்து ஒரு கிளிக். ஒரு தூண் சாய்ந்திருக்கும். மறுநாள் திருத்துவேன். மறுபடி காகிதம், மறுபடி கிளிக். கோடுகள் ஒவ்வொன்றாக இடத்துக்கு வந்து சேர, ஒரு சாயங்காலம் போனில் பார்த்தால், ஐயோ, எங்கள் ஹாலில் கிணறு வெட்டியிருந்தது! ஓரத்தில் ஒரு டம்ளரை வைத்து எடுத்தேன். இதோ விழப்போகிறது, பிடி என்று எனக்கே கை போனது. சூப்பர்வைசருக்கு அனுப்பினேன். "சூப்பர்மா, பயமா கீது" என்று பதில் வந்தது. வீட்டில் தனியாக இருந்ததால் கொஞ்சம் டான்ஸ்கூட ஆடினேன்.

நேரில் பார்க்கும்போது அவ்வளவு ஆழம் இல்லை என்று உள்ளுக்குள் ஒன்று முனகத்தான் செய்தது. காகிதம் சுருங்கியிருக்கிறது, டியூப்லைட் சரியில்லை, வினைல் ஸ்டிக்கரில் அடித்தால் நிற்கும் என்று அதன் வாயை அடைத்தேன். போட்டோ ஓகே ஆகிவிட்டதே, பிறகென்ன.

பூஜைக்கு முந்தின நாள் லீவு போட்டு, சோப்புத் தண்ணீர் தெளித்து, ரப்பர் பட்டையால் ஒரு குமிழ் இல்லாமல் தள்ளி, பிளேடால் ஓரம் வெட்டி, பட்டன்களை மாட்டினேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, இந்தத் தடவை போன் இல்லாமல், என் இரண்டு கண்ணால் பார்த்தேன்.

பள்ளமும் இல்லை, ஒன்றும் இல்லை. பலகைமேல் ஒட்டின கோணல்மாணல் கட்டம். பாத்ரூம் டைல்ஸ் மாதிரி சப்பென்று கிடந்தது.

தலையைச் சாய்த்துப் பார்த்தேன், லைட்டை அணைத்துப் பார்த்தேன். போனை எடுத்துப் பார்த்தால் கிணறு, போனை இறக்கினால் டைல்ஸ். அழுகையாக வந்தது. அந்த நேரம் பார்த்து, பெட்டியை ஏற்றிப் போகக் கீழே ஒரு குட்டி யானை வண்டியை நிறுத்திவிட்டு அண்ணன் மேலே வந்தார். பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தங்கச்சி" என்றார், குரலை இறக்கி.

எனக்குச் சுருக்கென்றது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்றைக்கு வேண்டுமென்றே தோற்றுக் கொடுத்தபோது என் கணவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அந்த நல்லாத்தானில் எனக்கு முழுசாகத் தெரிந்தது. "எடுத்துக்கினு போங்க, எப்டியோ போவட்டும்" என்றேன். பெட்டியை இருவருமாக வாசல் பக்கம் நகர்த்தினோம்.

பூஜைக்குப் பொரியும் வாழைப்பழமும் வாங்கப் போயிருந்த என் கணவர் அப்போதுதான் படியேறி வந்தார். வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றியவர், ஆடுகிறவர் முகம் இருக்கிற உயரத்திலிருந்து பலகையைப் பார்த்ததும் பின்வாங்கி நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏய்! இன்னா பண்ணி வெச்சிகீற? பலகையயே அறுத்துட்டியா?"

"யாரு அறுத்தா?"

"நடுவுல தோண்டிக் கீதே! உள்ள ஒயர் போச்சே, அதெல்லாம் எங்க? இவ்ளோ ஆழம் எப்டிடி, பெட்டிய வுட்டு வெளிய போவுது?"

நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். விளையாடுகிறாரோ என்று நினைத்தேன். அவர் விளையாடவில்லை. பொரிப் பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து, ஒரு விரலை நீட்டி, மெல்ல மெல்லக் கீழே இறக்கினார். அடியைத் தொடப்போகிறவர் மாதிரி தோளைக்கூடச் சாய்த்தார். விரல் வினைலில் முட்டியதும் சுட்டது போல இழுத்துக்கொண்டார். மறுபடி தொட்டார். தட்டிப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், கண்ணில் அடிபட்ட பிறகு அந்த வீட்டில் நான் கேட்காத சிரிப்பு அது.

"சப்பட்டையா கீதுடி! ஆனா பள்ளமா கீது!"

"உங்களுக்குப் பள்ளமாத் தெரியுதா?" என்றேன்.

"உனுக்குத் தெரியலயா?"

என் கையில் போன் இருந்தது. போனைப் பார்த்தேன், பலகையைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். எனக்குத் தெரியாதது இவருக்குத் தெரிகிறது, இவருக்குத் தெரிவது போனுக்கும் தெரிகிறது. போனுக்குப் பின்னால் உருண்டையாக ஒரே ஒரு கேமராக் கண். மண்டையில் பளிச்சென்றது. நாற்காலியைப் பலகைக்கு முன்னால் இழுத்துப் போட்டு, இடது கையால் என் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் டைல்ஸ் அப்படியே கீழே இறங்கியது. சுவர் இறங்கியது, இருட்டு இறங்கியது, தூண்கள் ஒவ்வொன்றாக என்னை நோக்கி எழும்பி நின்றன. நான் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஒரு கண்ண மூடுங்கண்ணா! சீக்கிரம் மூடுங்க!"

அண்ணன் என் தலைக்குப் பக்கத்தில் குனிந்து மூடினார். "எம்மா!" என்று ஒரு எட்டுப் பின்னால் போனார். "ஏ யப்பா, ஆழத்தப் பாருல!"

இரண்டு கண் இருந்தால் பலகை சப்பை என்று அவை காட்டிக்கொடுத்துவிடும். ஒற்றைக் கண் நம்பிவிடும். நான் போனுக்காக வரைந்த படம், எங்கள் மூன்று பேரில் என் கணவர் ஒருவருக்கு மட்டும்தான் மூடாமல் மறைக்காமல் தானாகத் திறந்தது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு தூணாகத் தலையில் விரல் வைத்துப் பார்த்தார். விரல் தவறவில்லை. "அடிபட்டதுல இருந்து எல்லாம் செவுத்துல போஸ்டர் ஒட்டுன மாதிரிதான் கீது எனுக்கு. ரோடு, படி, உம் மூஞ்சி, எல்லாம். இது ஒண்ணுதான் பள்ளமா கீது" என்றார். நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன் என்று சொன்னால் அது முழு உண்மை இல்லை, ஆனால் சந்தோஷம்தான் அதிகம்.

"வண்டி நிக்குதுல" என்றார் அண்ணன்.

"ஏத்துண்ணா. நாளைக்கி நானும் வரேன்."

எனக்குக் கோயில் என்றால் மாதா கோயில்தான். ஆனால் ஆயுத பூஜை பொரிகடலையை எந்த வருஷமும் விட்டதில்லை. மறுநாள் நல்ல சுடிதாராகப் போட்டுக்கொண்டு அவரோடு பிளான்ட்டுக்குப் போனேன். மெஷினுக்கெல்லாம் வாழைக்கன்று, மாவிலை, ஃபோர்க்லிப்ட் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். ஒரு ஆள் சந்தனக் கிண்ணத்தோடு கண்ணில் பட்டதற்கெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். எங்கள் பலகையிலும் பட்டன் பட்டனாக வைக்கப் போனார். "பட்டன் மேல வேணாங்க, ஒட்டிக்கும்!" என்று நான் பாய்ந்து தடுத்ததும், பள்ளத்தின் நடுவில் ஒரே ஒரு பொட்டு வைத்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். சந்தனம் அந்தரத்தில் நின்றது!

முதலில் வந்தவர்கள், "ஸ்டிக்கர் நல்லாக் கீதே" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். என் கணவர் அவர்களை விடவில்லை. "அப்டிப் பாத்தா தெரியாது. ஒரு கண்ணப் பொத்திக்கினு பாருங்க" என்றார். யாரோ பொத்தினார். கத்தினார். அந்தச் சத்தம் கேட்டுப் பக்கத்து லைனிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஸ்டோர்ஸ் பக்கம் வரைக்கும் வரிசை. செக்‌ஷன் மேனேஜர், அவர் மனைவி, கான்டீன்காரர், செக்யூரிட்டி, அத்தனை பேரும் ஒரு கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, ஒற்றைக் கண்ணோடு என் கணவர் முன்னால் நின்றார்கள். எது சரியான இடம், எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும், எங்கே பார்க்க வேண்டும் என்று அவர்தான் எல்லாருக்கும் சொன்னார். அன்றைக்கு அவருடைய முழங்கையைப் பிடிக்க ஒருவருக்கும் கை காலியாக இல்லை.

ஆட உட்கார்ந்தால் இரண்டு கையும் வேண்டும், கண்ணைப் பொத்த முடியாது. அதனால் மற்றவர்கள் ஆடியதெல்லாம் டைல்ஸ் மேல்தான். பள்ளத்தின் மேல் ஆடியது அவர் ஒருவர். அண்ணன் எதிர் ஆளாகப் பக்கத்தில் உட்கார்ந்தபோது என் கணவர் சொன்னார்: "நீ விட்டுக் குடுத்தேன்னு தெரிஞ்சிது, பெட்டியத் தூக்கி மண்டையில போட்டுருவேன்."

அண்ணன் விட்டுக் கொடுக்கவில்லை. வெளு வெளு என்று வெளுத்தார். சுற்றி நின்றவர்கள் கத்த, என் கணவர் திரையையும் தூணையும் மாறி மாறிப் பார்த்து அடிக்க, கடைசி அடியில் என் கணவரின் ஆள் விழுந்தான். அவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "தோத்துட்டேன்டி! நெஜமாவே தோத்துட்டேன்!" ஜெயித்தபோதுகூட அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. அடுத்த ஆட்டத்திலும் தோற்றார். அதற்கடுத்ததில் அண்ணன் வேர்த்து விறுவிறுத்துத் தோற்றார். அதுவும் நிஜம்தான், அண்ணன் பட்டனைக் குத்திய குத்தில் தெரிந்தது.

எனக்கும் பள்ளத்தின் மேல் ஆட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. செய்தவள் நான் ஆயிற்றே! துப்பட்டாவை மடித்து இடது கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கிணறு திறந்தது. அதையே பார்த்துச் சொக்கிப்போய் இருந்தேன். என் கணவர் கான்டீன் டீயைக் காகிதக் கப்பில் நீட்டினார். வாங்கினேன். விரல் காற்றைப் பிடித்தது. கப் அங்கேதான் இருந்தது, பளிச்சென்று தெரிந்தது, ஆனால் அங்கே இல்லை. மறுபடி கை நீட்டினேன். கப்பின் ஓரத்தில் தட்டி, பாதி டீ என் சுடிதார் மேல் கொட்டியது.

சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க வரவில்லை. ஒரு கப் டீ, கை எட்டும் தூரத்தில், வாங்க முடியவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அவருக்குப் பக்கத்திலேயே படுத்து எழுந்துகொண்டு, இது இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

என் கணவரும் சிரிக்கவில்லை. குனிந்து என் கையைப் பிடித்தார்.

"எட்டிப் பிடிக்காத. கைய விரிச்ச மாதிரியே மெதுவாக் கொண்டு போ. சூடு தெரியும். அது வெரல வந்து தொடற வரைக்கும் மூடாத."

கையை விரித்தபடியே கொண்டு போனேன். உள்ளங்கையில் முதலில் சூடு தெரிந்தது, பிறகு கப் வந்து தொட்டது. மூடினேன். இதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டுச் சமையலறையில், நான் பார்க்காத நேரங்களில், அவராகவே கொட்டிக் கொட்டிக் கற்றுக்கொண்டது அது.

"பழகிடுச்சா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"பழகிக்கினு வரேன்" என்றார். இத்தனை நாளில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தார். "டீயக் குடிச்சிட்டு ஆடு. கண்ணுக் கட்ட அவுக்காத."